பாக்கெட் நுரையும் பனி நுரையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. டிசம்பர் காலாண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், ஆணி அதிகம். வங்கியில குப்பை கொட்டற மக்களுக்கு விளக்கம் தேவையில்ல. மத்தவங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க. இன்னிக்கு வந்திருக்கிறது கோபத்தோட. கோபம் யார் மேலன்னு கேட்டா, முதல்ல என் மேல. அடுத்தது உங்க மேல, அதாவது என்னை மாதிரி டெல்லியில குடும்பம் நடத்தற தமிழ் மக்கள் மேல. திட்டணும்னு தோணுச்சுன்னா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு இனிப்பு.

எங்க முனிர்கா குடியிருப்புல பன்னெண்டு தமிழ்க் குடும்பம். வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆளுக்கு ஒரு பண்டம் செஞ்சு எடுத்துட்டு வந்து, கீழ இருக்கற ஹால்ல உக்காந்து சாப்பிடுவோம். புளியோதரை ஒரு வீடு, வடை ஒரு வீடு, குருமா ஒரு வீடு, இப்படி. இந்தத் தடவை பசங்களுக்காக ஒரு போட்டி வச்சாங்க. கண்ணாடிக் கிண்ணத்துல அடுக்கடுக்கா, லேசா, குளுகுளுன்னு ஒரு இனிப்பு செய்யணும். குளிர்கால லீவுக்கு ஏத்த மாதிரி. இன்ஸ்டா ரீல் பார்த்து எல்லா வீட்லயும் ஒரே பரபரப்பு.

ஏழு கிண்ணம் வந்துச்சு. ஒண்ணுக்கு டிரைஃபிள்னு பேரு, ஒண்ணுக்கு டிராமிசு, இன்னொண்ணு மாம்பழ டிலைட் (ஜனவரிக்கு ஒரு நாள் முன்னாடி டெல்லியில மாம்பழம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, டப்பாவுலேர்ந்துதான்). ஆனா ஏழையும் வரிசையா ருசி பார்த்தப்போ ஒண்ணு புரிஞ்சுது. பிஸ்கட், வெள்ளை, பழம், வெள்ளை. கேக், வெள்ளை, காப்பி, வெள்ளை. பேருதான் ஏழு, வெள்ளை ஒண்ணுதான். ஏழுல அஞ்சு கிண்ணத்துல இருந்தது ஒரே கம்பெனி பாக்கெட். அதுல ஒரு கிண்ணம் எங்க வீட்டுது. தங்கமணி அடுக்கினாங்க, வெள்ளையை அடிச்சுக் குடுத்தது அடியேன்.

எட்டாவதா ஒரு டப்பா இருந்துச்சு. அது போட்டிக்கு வந்தது இல்ல. எங்க பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. அன்னிக்குக் காலைல தோழிகளோட, தோழியோட அம்மா துணைக்கு, சாந்தினி சவுக் போயிருந்தா. வரும்போது எல்லாருக்கும்னு சொல்லி 'தௌலத் கீ சாட்' வாங்கிட்டு வந்திருந்தா. அவ கைச்செலவுக் காசு. மஞ்சள் லைன் மெட்ரோவுல ஹவுஸ் காஸ் வந்து, அங்க மெஜந்தா லைன் மாறி, முனிர்கா ஸ்டேஷன்ல இறங்கி வர்றதுக்குள்ள பாதி நுரை அடங்கிப் போச்சு. இருந்தும் ஆசையா மேசை ஓரத்துல வச்சா.

"இது என்னம்மா?" னு ஒரு மாமா கேட்டார். சொன்னா. "ஐயோ, அந்தப் பழைய டெல்லியில ராத்திரி பூரா பனியில தொறந்து வச்சு விக்கற சமாச்சாரமா? யாரும் தொடாதீங்க, வயித்தக் கெடுக்கும்" னார். ரெண்டு அக்கா முகத்தைச் சுளிச்சாங்க. சரி, அவங்க பேசினது பரவாயில்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பெத்த அப்பன், சிரிச்சுக்கிட்டே அந்த டப்பாவை எடுத்து மேசைக்குப் பின்னாடி ஜன்னல் திண்டுல வச்சுட்டேன். சபையில சங்கடம் வேண்டாம்னு.

வீட்டுக்கு வந்ததும் அவ கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, நீங்க எல்லாரும் டெல்லின்னா ஏன் இப்படிப் பேசறீங்க? நான் இங்கதானே பொறந்தேன். அப்ப நானும் அப்படித்தானா?"

பி.காம் படிச்சவனுக்கு, இருபது வருஷம் கடன் விண்ணப்பம் படிச்சுப் பதில் சொன்னவனுக்கு, அதுக்குப் பதில் வரல. அந்தப் பதிலைத்தான் இப்போ எழுதறேன்.

முதல்ல அந்த வெள்ளையைப் பார்த்துடுவோம். மறுநாள் காலைல குப்பைக் கூடையிலேர்ந்து பாக்கெட்டை எடுத்து, கடன் பத்திரம் படிக்கிற மாதிரி பொடி எழுத்தைப் படிச்சேன். முன்பக்கம் பெரிசா விப் டாப்பிங். பக்கத்துலயே சின்னதா 'நான்-டெய்ரி', அதாவது பால் பொருள் இல்ல. பின்பக்கம்: தண்ணி, சர்க்கரை, ஹைட்ரஜன் ஏத்தின தாவரக் கொழுப்பு (பனைக் கொட்டை எண்ணெய்), நிலைப்படுத்தி, குழம்பாக்கி, வாசனை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான். நாம அதை 'க்ரீம்'னு சொல்லிக்கிறோம். பாக்கெட் போட்டவன் அப்படிச் சொல்லல! அவன் ஒழுங்கா எழுதியிருக்கான். படிக்காதது நம்ம தப்பு.

நியாயமாவும் பேசணும். இது விஷம் கிஷம்னு வாட்ஸப் மாமாக்கள் மாதிரி நான் சொல்லப் போறதில்ல. டிரான்ஸ் கொழுப்புக்கு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல 3 சதவீதம்னு உச்சவரம்பு வச்சு, 2022 ஜனவரியிலேர்ந்து அதை 2 சதவீதமாக் குறைச்சிருக்கு. அதனால பழைய வனஸ்பதி காலம் மாதிரி இல்ல. நிறைவுற்ற கொழுப்பு நிறைய உண்டு, அது பசு நெய்யிலயும் உண்டு. இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். சென்னையில ஏப்ரல் மாசம் கேக் கடை நடத்தறவருக்கு இந்தப் பாக்கெட் ஒரு வரப்பிரசாதம். பால் க்ரீமை அடிச்சுப் பூ போட்டா அரை மணியில ஒழுகிடும். பனைக் கொட்டைக் கொழுப்பு வெயிலுக்கு நிக்கும். அது அவர் பிழைப்பு, குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா நாம இருக்கிறது சென்னை ஏப்ரல்ல இல்லையே! முனிர்காவுல ஜனவரி ராத்திரி 5, 6 டிகிரி. பால்கனியில வச்ச தேங்காய் எண்ணெய் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. காலைல குளிக்கப் போறதுக்கே மனசுல தைரியம் வரணும். இந்த ஊர் குளிரை இலவசமா அள்ளிக் கொட்டுது. அப்படிப்பட்ட இடத்துல உக்காந்துக்கிட்டு, வெயிலுக்கு ஒழுகாம இருக்கறதுக்குன்னே தயாரிச்ச கொழுப்பைக் காசு குடுத்து வாங்கி, 'விண்டர் ஸ்பெஷல்'னு பேர் வச்சுத் திங்கறோம். குற்றாலத்துல வீடு கட்டிக்கிட்டு தண்ணி லாரிக்கு போன் பண்ற கதை இது.

யோசிச்சுப் பாருங்க. நாம காப்பி அடிக்கிற அந்த வெளிநாட்டு இனிப்பெல்லாம் எப்படி வந்துச்சு? டிரைஃபிள் இங்கிலாந்துல பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியிலேயே சமையல் புத்தகத்துல வந்தாச்சு. அப்போ அது வெறும் கெட்டிப் பாலேடு, சர்க்கரை, இஞ்சி, பன்னீர். கேக்கும் கஸ்டர்டும் அப்புறம்தான் சேந்துச்சு. அவங்க ஊர்ல மாடும் பாலேடும் நிறைய, அதனால அது. டிராமிசு இத்தாலியில போன நூற்றாண்டோட பிற்பாதியில பிரபலமானது. அவங்க ஊர்ல மஸ்கார்போனேன்னு ஒரு பாலாடைக்கட்டி, அவங்க ஊர்க் காப்பி, அதனால அது. எல்லாமே கைக்கு எட்டினதை வச்சு, அந்த ஊர் தட்பவெப்பத்துக்கு ஏத்த மாதிரி செஞ்சது. அவங்க பண்டத்தைக் காப்பி அடிக்கிறோம். இந்தப் புத்தியை மட்டும் விட்டுடறோம்.

அதே புத்தியோட டெல்லிக்காரன் செஞ்சதுதான் தௌலத் கீ சாட். கைக்கு எட்டினது என்ன? கொழுப்பான பால், நீளமான குளிர் ராத்திரி. வேற எதுவும் இல்ல. பாலையும் பாலேட்டையும் கலந்து ராத்திரி குளிர்ல வைப்பாங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கடைவாங்க. மேல எழும்பற நுரையை மட்டும் கரண்டியால வழிச்சு வழிச்சு இன்னொரு பாத்திரத்துல சேர்ப்பாங்க. கீழ நிக்கற பாலை மறுபடி கடைவாங்க. மணிக்கணக்குல இதே வேலை. அப்புறம் தொன்னையில நுரை, மேல பொடிச் சர்க்கரை, உதிர்த்த கோவா, குங்குமப்பூ கலந்த நுரை, பிஸ்தா. அடுக்கடுக்கா இருக்கா? இருக்கு. லேசா இருக்கா? வாயில வச்சா வச்சது தெரியாது. குளிர்காலத்துக்கானதா? குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்கும். தீபாவளி முடிஞ்சு குளிர் எட்டிப் பார்க்கும்போது வரும், ஹோலிக்குள்ள காணாமப் போயிடும். போட்டி விதி மூணுக்கும் நூத்துக்கு நூறு பொருந்தின ஒரே பண்டம் ஜன்னல் திண்டுல உக்காந்திருந்துச்சு!

பனித்துளி விழுந்தாத்தான் நுரை வரும்னு வியாபாரிகள் சொல்வாங்க. கேக்க அழகா இருக்கு. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் வேலை செய்யறது பனித்துளி இல்ல, குளிர்தான். பாலைக் கடையும்போது காத்து உள்ள போகுது. பால்ல இருக்கற புரதம் அந்தக் காத்துக் குமிழைச் சுத்திப் போர்த்திக்குது. குளிர்ல பால் கொழுப்பு இறுகி அந்தச் சுவருக்கு முட்டுக் குடுக்குது. வெயில் ஏறினா கொழுப்பு இளகும், சுவர் சரியும், நுரை அடங்கும். மெட்ரோ ரயில் சூட்டுல எங்க பொண்ணோட டப்பாவுக்கு ஆனதும் அதுதான். லக்னோவுல இதையே நிமிஷ்னும் மக்கன் மலாய்னும் சொல்றாங்க. காசியில மலையோ. கங்கைச் சமவெளி முழுக்கக் குளிரைச் சமையல் சாமானா வச்சிருக்காங்க.

பேரைப் பாருங்க இன்னொரு தடவை. தௌலத். "என்னடா, தவுலத்தா திரியற?" னு நம்ம ஊர்ல கேக்கறோமே, அந்தத் தவுலத்துதான் இது. செல்வம். அரபுப் பக்கத்துலேர்ந்து ஹிந்துஸ்தானி வழியா வந்து நம்ம வாய்ல ஏறிக்கிச்சு. வார்த்தைக்குத் தமிழ்ல இடம் உண்டு, பண்டத்துக்கு நம்ம மேசையில இடம் இல்ல!

நான் மதுரைக்காரன். இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். கீழவாசல் பக்கம் ஜிகர்தண்டா குடிச்சு வளர்ந்தவன். கடற்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சின பால், மேல ஐஸ்க்ரீம், அதுவும் அடுக்குத்தான். "எங்க ஊர் ஜிகர்தண்டா மாதிரி வருமா?" னு நான் இங்க எத்தனை பேர்கிட்ட மார் தட்டியிருப்பேன். ஜிகர்னா ஈரல், நெஞ்சுன்னும் வச்சுக்கலாம். தண்டான்னா குளிர்ச்சி. ரெண்டும் தமிழ் இல்ல. எவனோ ஒருத்தன் வடக்கேர்ந்து வந்த பேரைக் கேட்டு "சீ, இது நம்ம ஊர்ப் பண்டம் இல்ல"ன்னு ஜன்னல் திண்டுல தூக்கி வச்சிருந்தா, இன்னிக்கு நான் மார் தட்ட என்ன இருந்திருக்கும்? என் பாட்டன் காலத்து மதுரைக்காரனுக்கு இருந்த பரந்த மனசு, மூணு மொழி பேசற எனக்கு இல்ல.

இப்போ எதிர்வாதங்களுக்கு வர்றேன். மூணு இருக்கு.

ஒண்ணு, சுத்தம். இதுல நியாயம் உண்டு. டெல்லியில இந்தப் பருவத்துக் காத்து எப்படின்னு நமக்குத் தெரியும். காத்துத் தரக் குறியீடு 300-க்கு மேல நிக்கிற ராத்திரியில, பாலைத் தொறந்து மொட்டை மாடியில வைங்கன்னு நான் சொன்னா என்னை உதைக்கணும். காய்ச்சாத பாலா இருந்தாலும் ஆபத்துத்தான். ஆகவே கேட்டு வாங்குங்க. பாலைக் காய்ச்சினீங்களான்னு கேளுங்க. மூடி வச்சிருக்காரா பாருங்க. மனசு ஒப்பலையா, விடுங்க. ஆனா அதே மாமா போன வாரம் முனிர்கா மார்க்கெட்ல தெருவோரம் மோமோ சாப்பிட்டதை நான் பார்த்தேன். கோல்கப்பா தண்ணியை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிக்கிற அக்காவும் அங்க இருந்தாங்க. அப்போ வராத சுத்த உணர்ச்சி, பழைய டெல்லின்னு கேட்டதும் வருது. பேரைக் கேட்டதும் வர்றது சுத்த உணர்ச்சி இல்லீங்க. அதுக்கு வேற பேரு.

ரெண்டு, "குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும்". சரி. போட்டிக்கு வந்த ஏழு கிண்ணமும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா வந்ததுதானே? ஜனவரியில இந்தியா கேட் போய் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஐஸ்க்ரீம் வாங்கித் தராத தமிழ் அப்பா யாராவது இருந்தா கை தூக்குங்க.

மூணு, "நம்ம ஊர்ப் பண்டம் இல்ல". இதுதான் அடிவேர். டிராமிசு எந்த ஊர்ப் பண்டம்? திண்டுக்கல்லா? இத்தாலிக்காரன் பண்டம்னா பெருமை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கறவன் பண்டம்னா அருவருப்பு. இதைத்தான் அன்னிக்கு என் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா.

ஒரு வங்கிக்காரனா இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் பண்டம் விக்கறவங்கள்ல நிறைய பேர் மொராதாபாத் பக்கத்துலேர்ந்து குளிர்காலத்துக்கு மட்டும் டெல்லி வர்றவங்க. அவங்களும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்கதான், நமக்கு மாச சம்பளம், அவங்களுக்கு மூணு மாசப் பருவம். தெரு வியாபாரிகளுக்குன்னு 2020 ஜூன்ல மத்திய அரசு ஸ்வநிதி திட்டம் கொண்டு வந்துச்சு. முதல் கடன் 10,000 ரூபாய், பன்னெண்டு மாசத் தவணை. 2025 ஆகஸ்ட்ல அதை 15,000 ஆக்கி, திட்டத்தை 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. நல்ல திட்டம், நானே எத்தனையோ பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா ஒரு தடவை என் மேசைக்கு வந்த குளிர்கால வியாபாரி ஒருத்தர்கிட்ட, "மீதி ஒன்பது மாசம் தவணை எப்படிக் கட்டுவீங்க?" னு கேட்டேன். "வெயில் வந்தா குல்ஃபி, இல்லேன்னா ஊர்ல வயல் வேலை" ன்னார். படிவத்துல 'தொழில்'ங்கிற கட்டம் ஒண்ணுதான். அதுல குளிர்காலத் தொழில்னு எழுத இடம் இல்ல. நான் 'பால் வியாபாரம்'னு எழுதினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கைவலிக்கக் கடையற வேலைக்கு நான் வச்ச பேரு பால் வியாபாரம்!

விலையையும் பாருங்க. தொன்னை அறுபது, எழுபது ரூபாய் சொன்னா "வெறும் நுரைக்கா?" னு பேரம் பேசறோம். அதே நாம மாலுக்குப் போனா சின்னக் கண்ணாடி டம்ளர் டிராமிசுவுக்கு 350 ரூபாயும் ஜிஎஸ்டியும் மூச்சு விடாமக் கட்டறோம். லோதி சாலைப் பக்கம் இருக்கற இந்தியன் ஆக்சென்ட் உணவகத்துல இதே தௌலத் கீ சாட்டை, பேருக்கு ஏத்த மாதிரி போலி ரூபாய் நோட்டு அலங்காரத்தோட பரிமாறிப் புகழ் வாங்கினாங்க. அங்க சாப்பிட்டவங்க யாரும் "பனியில வச்சதா?" னு கேட்டதாத் தெரியல. ஏசி இருந்தா கலை, தெருவுல இருந்தா அழுக்கு. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டுலயும் டேலி ஆகாது.

கோபப்பட்டா மட்டும் போதுமா, செஞ்சு காட்டுன்னு தங்கமணி சொன்னாங்க. ("என்னங்க, வாய் மட்டும் சாந்தினி சவுக் வரைக்கும் போகுது!") ஜனவரி முதல் வாரம், பசங்களுக்கு லீவு. செஞ்சோம். முதல் தடவை தோல்வி. மிக்ஸி ஜார்ல ஊத்தி ஓட விட்டேன். நாலு நிமிஷத்துல வெண்ணெய் திரண்டு வந்துடுச்சு! தோசைக்கு ஆச்சு. ரெண்டாவது தடவை பொண்ணு பொறுப்பெடுத்துக்கிட்டா, வந்துடுச்சு. உங்களுக்காக முறை:

பாக்கெட் ஃபுல் க்ரீம் பால் 1 லிட்டர். டோன்ட் பால் வேண்டாம், அதுல கொழுப்பு 3 சதவீதம்தான், ஃபுல் க்ரீம்ல 6. காய்ச்சி, ஆற வச்சு, ஏட்டை எடுத்துடுங்க. அதோட 250 மில்லி பால் க்ரீம் கலந்துக்குங்க. கடையில சாதாரணமா கிடைக்கிற 25 சதவீத க்ரீம் போதும். அதைத் தனியா அடிச்சா கெட்டியா நிக்காதுன்னு எல்லாரும் குறை சொல்வாங்க, இங்க அது நிக்க வேண்டாம், நுரைச்சாப் போதும். வாங்கும்போது பால் க்ரீம்தானான்னு பொடி எழுத்தைப் படிங்க. மூடி போட்டு ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல. மொட்டை மாடி வேண்டாம்.

காலைல வெயில் வர்றதுக்கு முன்னாடி, ஹீட்டர் போடாத ரூம்ல, அகலமான பாத்திரத்தை ஐஸ் போட்ட பேசின்ல உக்கார வச்சு, கையில பிடிக்கிற பீட்டரால அடிங்க. மத்து இருந்தா இன்னும் நல்லது, கை மட்டும் போயிடும். நுரை எழும்ப எழும்ப ஓட்டைக் கரண்டியால மேலாக வழிச்சு ஒரு தட்டுல போடுங்க. தட்டைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க, அடியில இறங்கற பாலைத் திரும்பப் பாத்திரத்துலயே ஊத்தி மறுபடி அடிங்க. முக்கால் மணி நேரம் பொறுமை வேணும். வீட்ல ரெண்டு பசங்க இருந்தா ஆளுக்குப் பத்து நிமிஷம், வேலையும் ஆகும், போனும் கையில இருக்காது.

அடுக்கும்போதுதான் அடுத்த சூட்சுமம். சர்க்கரையை நுரையில கலக்கக் கூடாது, கனத்துல அமுங்கிடும். நல்லா பொடிச்சுச் சலிச்சு, அடுக்குக்கு நடுவுல தூவணும். நம்ம மளிகைக்கடையில 'பூரா'ன்னு கேட்டாக் குடுப்பாங்க, அது இன்னும் நல்லது. கிண்ணத்துல ஒரு கரண்டி வெள்ளை நுரை, பூரா, உதிர்த்த கோவா. அதுக்கு மேல ரெண்டு ஸ்பூன் பால்ல ஊறின குங்குமப்பூவை மெதுவாச் சேர்த்த மஞ்சள் நுரை. மறுபடி வெள்ளை. மேல பிஸ்தா. உடனே சாப்பிட்டாகணும், "அப்புறம் சாப்பிடறேன்" னு சொல்ற ஆளுக்கு இது இல்ல. எங்களுக்கு ஆறு கிண்ணம் வந்துச்சு, செலவு முந்நூறு ரூபாய்க்குள்ள. கீழ தங்கின பால்ல நாலு டம்ளர் டிகிரி காப்பி. வடக்கும் தெற்கும் ஒரே பாத்திரத்துல முடிஞ்சது.

சாந்தினி சவுக் ருசி வந்துச்சான்னா, முக்கால்வாசிதான். அந்தக் கை நமக்கு இல்ல. முக்கால் மணி நேரத்துக்கே என் தோள் மூணு நாள் வலிச்சுது. அதுக்கப்புறம் எழுபது ரூபாய் எனக்கு அதிகமாத் தெரியல.

இப்போ பொண்ணுக்கான பதில்.

நாம டெல்லியை ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி நடத்தறோம். மூணு வருஷ டிரான்ஸ்ஃபர்னு வந்தேன், பதினாறு வருஷம் ஆச்சு. மலை மந்திர் இருக்கு, தமிழ்ச் சங்கம் இருக்கு, ஆர்.கே.புரத்துல நம்ம பள்ளிக்கூடம் இருக்கு, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் முனிர்காவுலயே கிடைக்குது. இதையெல்லாம் கட்டிக் காத்தவங்களைக் கும்பிடறேன். அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த ஊர் சம்பளத்துல வீட்டுக் கடன் கட்டிக்கிட்டு, இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, இந்த ஊர்க்காரன் நீட்டற தொன்னையை மட்டும் தட்டி விடறோம். நமக்காவது திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கு. நம்ம பசங்களுக்கு இதுதான் ஊர். இதை அழுக்குன்னு நாம சொல்லும்போதெல்லாம், அவங்க பொறந்த மண்ணை அவங்க முன்னாடியே திட்டறோம். தமிழ் கத்துக் குடுக்கறேன்னு சொல்லிக்கிட்டு, தன் ஊரைப் பத்தி வெக்கப்படக் கத்துக் குடுக்கறோம். அந்த வெக்கம் இன்னிக்கு டெல்லி மேல, நாளைக்கு மதுரை மேல வரும். வெக்கத்துக்கு ஊர் வித்தியாசம் தெரியாது.

பொங்கல் அன்னிக்குப் பானையில பால் பொங்கி நுரை தளும்பும்போது "பொங்கலோ பொங்கல்" னு கத்தறோமே, அதுவும் நுரைதான். அது சூட்டுல வர்ற நுரை, இது குளிர்ல வர்ற நுரை. இந்தத் தடவை எங்க வீட்ல ரெண்டும் உண்டு. காலைல பானை, அதுக்கு முன்னாடி விடியல்ல கடைஞ்ச கிண்ணம். அந்த மாமாவைக் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னிருக்கார்.

டப்பாவை ஜன்னல் திண்டுல வச்சதுக்கு பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. "சரி விடுங்கப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை என்னோட வாங்க, எந்தக் கடைன்னு நான் காட்டறேன்" னா. காலைல எட்டு மணிக்கே கிளம்பணுமாம், லேட்டாப் போனா நுரை அடங்கிடுமாம். பதினாறு வருஷம் லேட். பரவாயில்ல.

டிஸ்கி 1: பாக்கெட் டாப்பிங் இன்னும் அரை டப்பா ஃப்ரீசர்ல இருக்கு. காசு குடுத்து வாங்கினது, தூக்கிப் போட மனசு வரல. வங்கிக்காரன் புத்தி.

டிஸ்கி 2: அந்த ஏழு கிண்ணத்துல பரிசு வாங்கினது எங்க வீட்டுதுதான். அதையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல :-)